பொங்கல் நோம்பிக்கு 16 பேர்: சந்தவை, கோழிக்கறி, தாயக்கட்டை (முதல் தடவை நடத்துகிறவர்களுக்கு)

கல்யாணமாகிக் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வந்தவர்களுக்கும், வேலைக்காக இங்கே குடியேறி இந்த வருஷம்தான் முதல்முறையாகத் தங்கள் வீட்டில் நோம்பி வைத்துக்கொள்கிறவர்களுக்கும் இது. ஒரம்பரை (விருந்தாக வரும் சொந்தக்காரர்கள்) 16 பேர், அதில் 12 பெரியவர்கள், 4 பிள்ளைகள் என்று கணக்கு வைத்திருக்கிறது. காப்புக்கட்டு அன்று, அதாவது பொங்கலுக்கு முந்தின நாள், சாயங்காலம் வந்து, தை 3 மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்புகிறார்கள். ஆள் கூடினால் குறைந்தால் அளவை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த மூன்று நாளில் உங்களை வேலை வாங்கப்போவது பொங்கல் பானை அல்ல, கறியும் அல்ல. சந்தவைதான், அதாவது அரிசிமாவை இட்லியாக அவித்துச் சூட்டோடு நூலாகப் பிழிவது. மாவு ஆட்ட ஒரு ஆள், அவிக்க ஒரு ஆள், பிழிய இரண்டு பேர், அதுவும் சூடு ஆறுவதற்குள். அதை எந்த வேளைக்கு வைக்கிறீர்கள் என்று முடிவாகிவிட்டால் மற்றதெல்லாம் அதன் இடைவெளியில் தானாக உட்கார்ந்துவிடும்.

1. எந்த நாளுக்கு எது

காப்புக்கட்டு ராத்திரிக்கு அரிசிம்பருப்பு. வருகிறவர்கள் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். குக்கரில் இருந்து சூடாக எடுத்துப் போடக்கூடியது அதுதான்.

தை 1 காலை சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும், மதியம் சாம்பார், பொரியல், ரசம். இதற்கு வழிகாட்டி வேண்டியதில்லை, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே சட்டம்.

தை 2 பட்டிப்பொங்கல் (மாட்டுப்பொங்கல்). சாயங்காலம் தட்டுவடை செட்டும் ஆட்டங்களும்.

தை 3 காலை சந்தவை, மதியம் பள்ளிபாளையம் சிக்கன்.

கறியைத் தை 3க்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. தை 2 திருவள்ளுவர் தினம், அன்று இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உள்ளாட்சி நிர்வாகம் உத்தரவு போடும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இது தெரியாமல், மாட்டுப்பொங்கலன்று கறி எடுக்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்புவார்கள். முந்தின நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பதும் வேண்டாம். பொங்கலன்று வீட்டுக்குள் கறி வரக்கூடாது என்று சொல்லும் வீடுகள் இங்கே நிறைய. "ஏனுங்க அத்தை, கறி என்னைக்குங்க எடுக்கறது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பிறகு பேச்சு வராது.

தை 1 சில வருஷம் ஜனவரி 14, சில வருஷம் 15. காலண்டரைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஆங்கிலத் தேதியிலேயே சொல்லுங்கள்.

2. முன்கூட்டியே முடிக்கவேண்டிய காகித வேலை

ரயில்: முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. ஜனவரி 12 அன்று சென்னையில் ஏற வேண்டியவர்களுக்கு நவம்பர் 13 காலை. முன்பு இருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. திரும்புகிற டிக்கெட்டுக்கு நாள் வேறு, அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். அடையாள அட்டை அசலாகவே கையில் இருக்கட்டும், நகல் செல்லாது. வீட்டிலேயே மறந்துவிட்டு வருகிற ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

கேஸ்: நோம்பி நாட்களில் சிலிண்டர் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சிலிண்டர் நிறைந்ததாக ஜனவரி முதல் வாரத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும். கொண்டுவரும்போது, பதிவு செய்த கைபேசிக்கு வந்த குறியீட்டு எண்ணைக் கேட்பார்கள். இணைப்பு மாமனார் பெயரிலும் எண் அவர் கைபேசியிலும் இருந்தால், அவர் ஊரில் இல்லாத நாளில் வண்டி திரும்பிப் போய்விடும். இப்போது ஓடுகிற சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, எடை போட்டு, சிலிண்டரின் மேல்பகுதியில் பொறித்திருக்கும் வெறும் எடையைக் கழியுங்கள். நிறைந்த சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கும். 4 கிலோவுக்குக் கீழ் இருந்தால் சந்தவைக் காலையில் அதை நம்பாதீர்கள்.

வாடகைப் பாத்திரம்: பெரிய இட்லிப் பானை, அகல வாணல், பாய், நாற்காலி எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முன்பணமும் ஆதார் நகலும் கேட்பார்கள். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுத்தது, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சீட்டில் எண்ணிக்கை மட்டும் எழுதுவார்கள். நீங்கள் மூடி எத்தனை, இட்லித் தட்டு எத்தனை, எது ஏற்கெனவே நெளிந்திருக்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சண்டை வருவது எப்போதும் மூடியில்தான். இன்னொன்று, கடையே நோம்பிக்கு மூடியிருக்கும். 13ஆம் தேதி எடுத்து 18 அன்று திருப்பினால் ஐந்து நாள் வாடகையா, மொத்தமாக ஒரு வாடகையா என்பதை எடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

3. எதை வாங்குவது, எதை இரவல் கேட்பது

சந்தவை மெஷினை வாங்குங்கள். மூன்று கால் இரும்பு ஸ்டாண்டு, மேலே திருகு, நடுவில் நாழி, அடியில் ஓட்டைத் தட்டு, இவ்வளவுதான். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். திருகு மேலிருந்து கீழ்வரை தடங்காமல் இறங்க வேண்டும். அமுக்கும் வட்டம் நாழியின் சுவரை ஒட்டி இறங்க வேண்டும். இடைவெளி இருந்தால் மாவு கீழே போகாமல் மேலே பிதுங்கும். ஓட்டைத் தட்டு தனியாகக் கழன்று வர வேண்டும், இல்லாவிட்டால் கழுவ முடியாது.

முறுக்கு அச்சில் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முறுக்கு மாவு பச்சை மாவு, கை அழுத்தத்துக்கே இறங்கும். சந்தவை வெந்த இட்லி. நாலாவது இட்லியில் கைப்பிடி வளைந்துவிடும், உள்ளங்கை சிவந்துவிடும்.

கிரைண்டர் இங்கே ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய கோயமுத்தூர்ச் சரக்கு அது. 2 லிட்டர் கிரைண்டரில் ஒரு தடவைக்கு 1 கிலோ அரிசிதான். அதற்கு மேல் போட்டால் ஓரத்து அரிசி கல்லுக்கு அடியில் போகாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும், மாவில் குருணை நிற்கும்.

கறிக்கு அகலமான இரும்பு வாணல் இரண்டு. புதிது என்றால் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்துக் கொட்டி, காயவைத்து எண்ணெய் தடவி வையுங்கள். நோம்பிக்கு முந்தின நாள் வாங்கிய இரும்பில் சமைத்தால் கறி கறுக்கும்.

பல்லாங்குழிக் கட்டை, தாயக்கட்டை, பெரிய தேங்காய்த் துருவி, மத்து எல்லாம் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வருஷத்தில் ஒருநாளைக்கு வேண்டியதை வாங்கி அலமாரியை அடைக்க வேண்டாம்.

4. சாமான் வாங்கும்போது

சந்தவைக்கு இட்லிப் புழுங்கல் அரிசி 2 கிலோ. ரேஷன் கடைப் பொங்கல் தொகுப்பில் வருவது பச்சரிசி. அது பானைப் பொங்கலுக்குச் சரி, சந்தவைக்கு ஆகாது. கொழகொழவென்று ஒட்டும்.

நாட்டுச்சர்க்கரை கவுந்தப்பாடிப் பக்கத்துச் சரக்காகக் கிடைத்தால் நல்லது. ரொம்ப வெளிர் மஞ்சளாகப் பளபளப்பது வேண்டாம், கொஞ்சம் மங்கிய பழுப்பாக இருக்கட்டும். வெண்ணெய் ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வீட்டிலேயே உருக்கினால் நெய்யும் கிடைக்கும், வீடும் மணக்கும்.

செலவு எங்கே ஏறும் என்றால் தேங்காய், சின்ன வெங்காயம், கோழி இந்த மூன்றில். மொத்தம் 8 தேங்காய் வேண்டும். சின்ன வெங்காயம் 2 கிலோ. உரித்த வெங்காயம் வாங்கினால் கூடுதல் காசு, அதோடு அடுத்த நாளே வாடை அடிக்கும். உரிக்காததை வாங்குங்கள், உரிக்க வழி பின்னால் வருகிறது. உயிர்க்கோழி எடை போட்டு வாங்கினால், 1½ கிலோக் கோழியில் கறியாக வருவது சுமார் 1 கிலோதான். விலை ஒப்பிடும்போது அதைக் கணக்கில் எடுங்கள்.

ஒப்புட்டு (போளி)? முதல் வருஷம் செய்யாதீர்கள். பூரணம் கொஞ்சம் இளகினாலும் மாவு கிழியும், கல்லில் ஒட்டும், அடுப்பை விட்டு நகர முடியாது. கோயமுத்தூர்ப் பக்கம் கல்லில் போட்டுச் சுடச்சுடத் தருகிற கடைகள் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு என்று வாங்கிக்கொண்டு வந்து நெய் தடவிக் கொடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

5. முதல் ராத்திரி: அரிசிம்பருப்பு

அரிசி 1 கிலோ, துவரம்பருப்பு 250 கிராம். தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிறையாத பெரிய குக்கர் என்றால் ஒரே தடவையில் ஆகும். சின்னது என்றால் பிரித்து இரண்டு மூன்று தடவை. பாதிக் குக்கருக்கு மேல் போனால் பருப்பு பொங்கி விசில் அடைக்கும்.

கடலெண்ணெய் 100 மில்லி, கடுகு, சீரகம், கறிவேப்பிலை, கிள்ளிய வரமிளகாய் 8, பூண்டு 20 பல், சின்ன வெங்காயம் 250 கிராம், தக்காளி 4, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, சாம்பார்த்தூள் 3 தேக்கரண்டி. வெங்காயம் நிறம் மாறியதும் தக்காளி, அது குழைந்ததும் பொடிகள், பிறகு தண்ணீர். அரிசியும் பருப்பும் அளந்த அதே டம்ளரால் ஒன்றுக்கு மூன்று. தண்ணீர் கொதித்து, உப்புக் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தபின் ஊறின அரிசி, பருப்பைப் போட்டு மூடுங்கள். 3 விசில். ஆவி தானாக அடங்கட்டும்.

இங்கே தப்பு நடப்பது தண்ணீரில். ஒன்றுக்கு இரண்டு என்று பிரியாணிக் கணக்கில் வைத்தால் அரிசி தனியாகவும் பருப்பு தனியாகவும் நிற்கும். இது கரண்டியால் எடுத்து வட்டலில் (தட்டில்) போட்டால் மெல்லப் பரவ வேண்டிய சோறு. தாமதமாக வருகிறவர்களுக்கு அது இறுகியிருக்கும். அரை டம்ளர் வெந்நீரும் ஒரு கரண்டி நெய்யும் விட்டுக் கிளறுங்கள். தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம், ஊறுகாய்.

6. சந்தவை

ஊறவைப்பது: தை 2 ராத்திரி 10 மணிக்கு 2 கிலோ அரிசியைக் கழுவி ஊறப்போடுங்கள். 4 மணி நேரமே போதும், ஆனால் தை மாதக் குளிரில் ராத்திரி முழுக்க இருந்தாலும் கெடாது. காலையில் தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புளித்த வாடை தேங்காய்ப்பாலில் தெரியும்.

ஆட்டுவது: காலை 5 மணி. 1 கிலோ, 1 கிலோவாக இரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். தண்ணீரைக் கையளவாகத் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். மாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் ஒரு மணல்கூடப் படக்கூடாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகாமல் பொத்தென்று விழ வேண்டும். உப்பு 3 தேக்கரண்டி, ஆட்டி முடித்த பிறகு. உளுந்து கிடையாது, புளிக்கவைப்பதும் கிடையாது. காலையில் கரண்ட் போகும் என்ற சந்தேகம் இருந்தால் சாயங்காலமே ஆட்டி, உப்புப் போடாமல் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

தண்ணீர் கூடிவிட்டால்? அரிசிமாவு போட்டுச் சரிக்கட்டாதீர்கள், பிழியும்போது திட்டுத் திட்டாக வரும். மாவை அகலப் போசியில் (பாத்திரத்தில்) ஊற்றி அடுப்பில் வைத்து, சிறு தீயில், அடிபிடிக்காமல் கொஞ்ச நேரம் கிளறிக் கெட்டிப்படுத்தி, பிறகு இட்லியாக ஊற்றுங்கள்.

அவிப்பது: 2 கிலோ அரிசிக்குச் சுமார் 80 இட்லி வரும். ஒரு பானையில் 16 இட்லி, ஈட்டுக்கு 15 நிமிஷம். ஒரே பானை என்றால் ஐந்து ஈடு, ஒன்றே கால் மணி நேரம். இரண்டு பானை வைத்தால் முக்கால் மணிக்குள் முடியும். பிழிவது அவிப்பதைவிட வேகமான வேலை. அதனால் ஒரு பானைக்காரர்கள் நடுவில் காத்திருப்பார்கள், நாழி ஆறிவிடும், உள்ளே ஒட்டியது காய்ந்துவிடும். இரண்டாவது பானையை வாடகைக்கு எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். வெந்ததா என்று பார்க்க ஈரக்கையால் தொடுங்கள். ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிஷம்.

பிழிவது: மெஷினைத் தரையில் வைத்து, கால்களுக்கு அடியில் நனைத்துப் பிழிந்த சாக்கு அல்லது பழைய துண்டு போடுங்கள். டைல்ஸ் தரையில் வெறுமனே வைத்தால் திருகும்போது மெஷின் சுற்றும், ஆளும் சேர்ந்து சுற்ற வேண்டியதுதான். நாழியின் உள்ளேயும் தட்டிலும் நல்லெண்ணெய் தடவுங்கள். ஒருவர் ஸ்டாண்டின் கால்களைப் பிடிக்க, ஒருவர் திருக.

பானையிலிருந்து மூன்று இட்லி மட்டும் எடுத்து, ஆவி பறக்க நாழிக்குள் போடுங்கள். மீதி, மூடிய பானைக்குள்ளேயே சிறு தீயில் இருக்கட்டும். திருகு முதல் அரைச் சுற்றுக்கு லேசாக முனகும், பிறகு வழி கிடைத்ததும் இறங்கிவிடும். தட்டுக்கு அடியில் முதலில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும், அடுத்த நொடியில் நூலாக நீளும். கீழே வைத்திருக்கும் வட்டலை மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தால் வளையமாக விழும். திருகுகிற கை நடுவில் நிற்கக்கூடாது. நின்ற இடத்தில் நூல் அறும், மறுபடி தொடங்கும்போது இரண்டு பங்கு பலம் வேண்டும். நாழி காலியானதும் தட்டின் அடியைக் கத்தியால் வழித்து அடுத்த மூன்று இட்லி.

நூல் சரியில்லையென்றால் மாவைப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்கிறதா, மாவு நைசாக இல்லை, அல்லது இட்லி வேகவில்லை. விழுந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிறதா, தண்ணீர் கூடிவிட்டது. திருகவே முடியவில்லையா, இட்லி ஆறிவிட்டது. ஆறினதை மறுபடி பானையில் வைத்து 5 நிமிஷம் ஆவி காட்டினால் இறங்கும். பலசாலி யாரையாவது கூப்பிட்டுத் திருகச் சொன்னால் திருகின் மரைதான் போகும்.

தேங்காய்ப்பால்: இதைப் பிழிவதற்குச் சற்று முன்னால் எடுங்கள், வெளியே நெடுநேரம் நிற்காது. 4 தேங்காய். முதல் பால் கெட்டியாக 600 மில்லி தனியே. இரண்டாவது, மூன்றாவது பால் சேர்த்து 1½ லிட்டர். வெல்லம் அல்லது நாட்டுச்சர்க்கரை 500 கிராமை கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, மண் போக வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். ஆறிய பாகை இரண்டாம் பாலில் கலந்து, ஏலக்காய் 8 தட்டிப் போட்டு, கடைசியாக முதல் பால். அடுப்பில் வைக்கவே வேண்டாம். சூடான பாகை ஊற்றினாலும், கலந்தபின் கொதிக்கவைத்தாலும் பால் திரிந்துவிடும். வெல்லத்தில் இருக்கும் லேசான புளிப்புக்குச் சூடும் சேர்ந்தால் அவ்வளவுதான்.

எள்ளுப்பொடி: எள் 100 கிராம் வறுத்து, ஆறவைத்து, நாட்டுச்சர்க்கரை 100 கிராமோடு மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும்.

காரம் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைத் துணியில் பரப்பி 20 நிமிஷம் ஆறவிட்டு உதிர்த்து, எலுமிச்சையோ தக்காளியோ தாளித்துக் கிளறுங்கள். சூட்டோடு கிளறினால் குழையும். அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது.

7. பள்ளிபாளையம் சிக்கன்

தை 3 காலை 6 மணிக்கே கடைக்குப் போங்கள். 8 மணிக்கு மேல் வரிசை. கறி 3 கிலோ, எலும்போடு, சின்னத் துண்டுகளாக. குழம்புத் துண்டு என்று சொன்னால் பெரிதாக வெட்டிவிடுவார்கள், "வறுவலுக்குங்க, சின்னதா" என்று சொல்லுங்கள்.

3 கிலோவுக்கு: உரித்த சின்ன வெங்காயம் 750 கிராம், பூண்டு 150 கிராம், வரமிளகாய் 45, ஒரு தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறியது, மஞ்சள்தூள் 1½ தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, நல்லெண்ணெய் 200 மில்லி, உப்பு முதலில் 2 மேசைக்கரண்டி.

இதில் மசாலாத்தூள் கிடையாது, தக்காளி கிடையாது, இஞ்சிப்பூண்டு விழுதும் கிடையாது. ஏதோ குறைகிறதே என்று கரம் மசாலாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது வேறு கறியாகிவிடும். மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிடுவது முக்கியம். 45 மிளகாயின் விதையும் உள்ளே போனால் பிள்ளைகள் வாய் வைக்க முடியாது. கிள்ளும் முன் விரலில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாணலில் 1½ கிலோ, 1½ கிலோவாகப் பிரித்துச் செய்யுங்கள். மூன்று கிலோவையும் ஒன்றில் குவித்தால் கறி விடுகிற தண்ணீர் வற்ற இடமில்லாமல் கறி அவிந்துபோகும், வதங்காது. எண்ணெய் காய்ந்ததும் மிளகாய், கறுக்கும் முன்பே வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடியானதும் கறி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றாதீர்கள். நடுத்தரத் தீயில் மூடி வைத்துப் பத்து நிமிஷம், பிறகு திறந்து கிளறிக் கிளறி. பாதி வற்றியதும் தேங்காய்ப் பல். பிராய்லர் அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நாட்டுக்கோழி என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, இடையிடையே வெந்நீர் தெளிக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வெங்காயம் ஒட்டத் தொடங்கினால் இறக்கிவிட்டு, வாணலிலேயே விடாமல் வேறு போசிக்கு மாற்றுங்கள்.

கறி சாப்பிடாதவர்களுக்குக் கொள்ளுப்பருப்பு. ராத்திரியே ஊறப்போட்ட கொள்ளு அரை கிலோ, 8 விசில், வடித்த தண்ணீர் ரசத்துக்கு, பருப்பு சட்டியில் மத்தால் கடைய.

8. சாயங்காலத் தீனி: தட்டுவடை செட்

சேலத்துக்காரர்கள் தந்த வரம் இது. அடுப்பே வேண்டாம். தட்டுவடை 120 வாங்குங்கள், ஒரு செட்டுக்கு இரண்டு. துருவிய பீட்ரூட் அரை கிலோ, கேரட் அரை கிலோ, பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை 4. சிவப்புச் சட்னிக்கு வரமிளகாயும் பூண்டும் உப்பும், பச்சைக்குப் புதினா, கொத்தமல்லி, பச்சைமிளகாய். இரண்டும் கெட்டியாக இருக்கட்டும்.

முன்கூட்டியே அடுக்கி வைக்காதீர்கள். பீட்ரூட்டுத் தண்ணீர் இறங்கிப் பத்து நிமிஷத்தில் தட்டுவடை நமத்துவிடும். பிள்ளைகளில் மூத்ததை உட்காரவைத்து, கேட்கக் கேட்க அடுக்கித் தரச் சொல்லுங்கள். கடை வைத்த மாதிரி அவர்களே சந்தோஷமாகச் செய்வார்கள்.

9. ஆட்டங்கள்

தாயம்: நீளக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. விழுவது 1, 2, 3, 4, 5, 6, 12. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயம், அதாவது 1, விழுந்தால்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம், வெட்டினாலும் உண்டு. நாலு பக்கத்திலும் இரண்டிரண்டு பேராக 8 பேர் ஆடலாம். வெட்டாமல் உள்ளே பழம் எடுக்கலாமா, மூன்று 12 தொடர்ந்து விழுந்தால் என்ன கணக்கு என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கரூர்ப் பெரியப்பாவும் பொள்ளாச்சிச் சித்தப்பாவும் மோதிக்கொள்வது இங்கேதான். கட்டையைத் தொடும் முன்பே விதியைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 8 பேர் ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்க வேண்டாம். தை 2 மாலை 5 மணி சரி.

வெங்காயம் உரிப்பது இப்போதுதான். மிச்சமிருக்கும் வெங்காயத்தைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கீழ்நுனியைக் கிள்ளி, தாயக் கட்டத்தைச் சுற்றி நாலு முறத்தில் வையுங்கள். முறை வரும்வரை எல்லோர் கையும் சும்மாதானே இருக்கிறது.

பல்லாங்குழி: இரண்டு பேர், 14 குழி. குழிக்கு 5 காய் வைத்தால் 70 காய் வேண்டும். ஒரு குழியிலிருந்து அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவி, அதற்கும் அடுத்த குழிக் காய் உங்களுக்கு. அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றுமில்லை, ஆட்டம் எதிராளிக்கு. போடும்போது ஒரு குழியில் 4 சேர்ந்தால் பசு, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். காய்க்குச் சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எதுவும் ஆகும். குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் கடித்து விழுங்கினால் கடும் விஷம். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் எந்தக் கொட்டையுமே தரையில் விடாதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும்.

ஆடு புலி: 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. 15 ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்தக்கூடாது. புதிதாக ஆடுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, புலி சுலபமாக ஜெயிக்கிறது என்பார்கள். வெள்ளை டைல்ஸில் சாக்பீஸ் தெரியாது, அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். எட்டு வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் அரை மணியில் பிடித்துக்கொள்ளும்.

16 பேரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும் என்றால், ஒருவர் எண் கூப்பிட மற்றவர்கள் சீட்டில் அடிக்கிற தம்போலாதான். 90 எண், சீட்டுக்கு 15. காசு வைத்து ஆடி மனஸ்தாபம் வேண்டாம், பரிசுக்கு ஒப்புட்டை வையுங்கள்.

10. கழுவித் திருப்புவது

சந்தவை மெஷினைப் பிழிந்து முடித்த கையோடு கழற்றித் தண்ணீரில் போடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஓட்டைக்குள் மாவு கல்லாகிவிடும். ஒரு மணி நேரம் ஊறினபின் தென்னை ஈர்க்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுங்கள். கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி அடுத்த வருஷம் நூல் தடிக்கும். வெயிலில் காயவைத்து, திருகில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் துணியில் சுற்றி வையுங்கள். இரும்பு வாணலும் அதே மாதிரி காய்ந்தபின் எண்ணெய் தடவி.

வாடகைப் பாத்திரத்தைக் கடைக்கு எடுத்துப் போகும்போது சீட்டையும் கொண்டுபோங்கள். அவர்கள் முன்னாலேயே மூடியையும் தட்டையும் எண்ணிக் கொடுத்து, முன்பணத்தையும், கேட்டு ஆதார் நகலையும் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.